34 வயதுக்காரர் எதற்கு?

வணக்கம் ஐயா,

என் மகனுக்கு 18 வயது. இங்குள்ள ஒரு காற்பந்துக் குழுவின் இளையர் அணியில் தற்காப்பு ஆடுகிறான். இந்த வருடம் மூத்த அணியில் இடம் கிடைக்கும் என்று காத்திருந்தோம். அதற்குள் 34 வயது தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவரை ஒப்பந்தம் செய்துவிட்டார்கள். இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு பெறப்போகிறவருக்கு எதற்கு அந்த இடம்? பெரிய பேரோடு இங்குள்ள தெம்பனீஸ் ரோவர்ஸ் குழுவுக்கு வந்த இங்கிலாந்துக்காரர் ஜெர்மைன் பென்னன்ட் ஒரே சீசனில் போய்விட்டாரே, அது போதாதா? நம் பிள்ளைகள் எப்போதுதான் ஆடுவது?

ஒரு தந்தை, ஈசூன்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகனுக்காகக் காத்திருந்த மனசு அதில் தெரிகிறது. இருந்தாலும் நான் அந்த 34 வயதுக்காரர் பக்கம்தான் பேசப்போகிறேன். அதுவும் உங்கள் மகனுக்காகவே.

பென்னன்ட் 2016இல் இங்கே வந்தபோது அவருக்கு 33 வயது. அவர் ஓரத்தில் ஓடி ஆடுகிறவர். அந்த இடத்துக்குக் கால் வேகம் வேண்டும், வயது முதலில் கைவைப்பதும் அதில்தான். தற்காப்பின் நடுவிலும் கோல் கம்பங்களுக்கு இடையிலும் கணக்கு வேறு. பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்தவர் பாதி தூரம் ஓடினால் போதும். 2024 ஜூன் 11ஆம் தேதி பேங்காக்கில் நடந்த உலகக் கிண்ணத் தகுதிச்சுற்று ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். நம் கோல்காவலர் ஹசன் சன்னிக்கு 40 வயது. 11 முறை பந்தைத் தடுத்தார். தாய்லாந்து நம்மை 3-1 என்று வென்றும் இன்னும் ஒரு கோல் கிடைக்காமல் வெளியேறியது, சீனா அடுத்த சுற்றுக்குப் போனது. அப்புறம் சீன ரசிகர்கள் தெம்பனீசில் உள்ள அவருடைய நாசி லெமாக் கடையைத் தேடி வந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும்.

நம் ஊருக்கென்று ஒரு காரணமும் இருக்கிறது. நம் பையன்கள் 18, 19 வயதில் தேசிய சேவைக்குப் போகிறார்கள். வேறு நாட்டுப் பையன் வாரம் தவறாமல் ஆடி முதிரும் வயது அது. சேவை முடிந்து, உடம்பையும் ஆட்டத்தையும் மறுபடி ஒன்றுசேர்த்து, ஒரு குழுவில் நிலைத்து ஆடத் தொடங்கும்போது 23, 24 ஆகிவிடுகிறது. 30இல் வயதாகிவிட்டது என்று அனுப்பினால் அவனுக்கு மிஞ்சுவது ஆறேழு வருடம்தான். 2015 சீசனுக்காக, நம் தொழில்முறை லீக்கான அன்றைய எஸ்-லீக்கில் ஒரு விதி அறிவித்தார்கள்: ஒரு குழுவில் 30 வயதைத் தாண்டியவர்கள் ஐந்து பேருக்கு மேல் கூடாது. எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டார்கள். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அலெக்சாண்டர் டூரிச் சிங்கப்பூர்க் குடிமகனாகி, 2007இல் நம் தேசியக் குழுவுக்கு முதல் ஆட்டம் ஆடியபோது அவருக்கு 37 வயது. தஜிகிஸ்தானுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் இரண்டு கோலும் அவருடையவை. 44 வயது வரை ஆடினார்.

சரி, உங்கள் மகனுக்கு இதில் என்ன லாபம்?

தேசிய சேவைக்குப் போவதற்கு முந்தைய வருடம் ஃபேரர் பார்க் திடலில் ஞாயிறுதோறும் ஆடுவேன். எனக்கு 17 வயது. பந்தைக் கண்டால் பாய்ந்துவிடுவேன். என் பக்கத்தில் தற்காப்பு ஆடிய அண்ணனுக்கு 40 நெருங்கியிருந்தது. துறைமுகத்தில் இரவு வேலை முடித்து, முழங்காலில் துணிப்பட்டி சுற்றிக்கொண்டு நேராகத் திடலுக்கு வருவார். எதிரணிக்காரன் பந்தோடு வரும்போது என் ஜெர்சியின் பின்பக்கத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொள்வார். "இரு, இரு" என்பார். வருகிறவன் தலையைக் குனிந்து பந்தைப் பார்க்கும் நொடியில் விரலை விடுவார். நான் போவேன், பந்து கிடைக்கும். ஏழெட்டு ஆட்டம் இப்படியே போனது. ஒருநாள் நானாகவே நின்றேன். திரும்பிப் பார்த்தால் அவர் பத்தடி தள்ளி வேறொருவனைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

வெளிக்கோட்டில் நின்று பயிற்றுநர் ஆயிரம் முறை கத்தியிருந்தாலும் எனக்கு அது ஏறியிருக்காது. பெரும்பாலும் இளையர்களே ஆடும் யங் லயன்ஸ் குழுவில் திறமைக்கு என்றுமே குறைவில்லை. ஆனாலும் லீக் பட்டியலின் அடியில் அவர்களை எத்தனை வருடம் பார்த்துவிட்டோம்! ஜெர்சியைப் பிடித்து நிறுத்த ஒரு மூத்தவர் பக்கத்தில் இல்லாததுதான் குறை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உங்கள் கோபத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது. ஒரே இடத்துக்கு மூன்று நான்கு மூத்தவர்களைச் சேர்த்தாலும், டிக்கெட் விற்க மட்டும் ஒருவரைக் கூட்டி வந்தாலும் நானும் உங்களோடு சேர்ந்து எதிர்ப்பேன். அதனால் பயிற்றுநரை நேரில் பார்த்துக் கேளுங்கள். அந்த 34 வயதுக்காரருக்கு ஒப்பந்தம் எத்தனை வருடம்? பயிற்சியில் என் மகனை அவர் பக்கத்தில் நிறுத்துவீர்களா? கிண்ண ஆட்டங்களில் இருவரையும் சேர்த்து இறக்குவீர்களா? இதற்குப் பதில் இல்லையென்றால் வேறு குழு பாருங்கள்.

பதில் இருந்தால், தம்பியை அரைமணி நேரம் முன்னாலேயே பயிற்சிக்கு அனுப்புங்கள். பந்து மறுபக்கம் இருக்கும்போது அந்த மனிதர் எங்கே பார்க்கிறார் என்று கவனிக்கச் சொல்லுங்கள். அவன் மூத்த அணியில் இறங்கும் நாளை எனக்கு எழுதுங்கள், நானும் திடலுக்கு வருகிறேன்.