மொயெத்தே ரொட்டி பல்லில் ஒட்டுகிறதா? வாட்டிச் சாப்பிடுங்கள்

கேள்வி: ஸ்பெயினில் மாலகா நகரில் படிக்கிறேன். சூப்பர் மார்க்கெட்டில் 'மொயெத்தே' ரொட்டிப் பாக்கெட் வாங்கினேன். வெளுத்துப்போய், மேலெல்லாம் மாவு அப்பிக் கிடக்கிறது. பிய்த்துச் சாப்பிட்டால் பல்லில் ஒட்டுகிறது. சரியாக வேகாத ரொட்டியா? இங்குள்ளவர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள்? நான் சைவம்.

பதில்: ரொட்டியில் குறை ஒன்றுமில்லை. வாட்டாமல் சாப்பிட்டதுதான் சிக்கல்.

மாலகாவுக்கு வடக்கே சுமார் 50 கி.மீ. தொலைவில் உள்ள அந்தெகேரா ஊரின் ரொட்டி இது. செவியா பக்கம் மர்ச்சேனாவிலும் மொயெத்தே உண்டு. ஆனாலும் பேர் போனது அந்தெகேராதான். 2020-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் பெற்றது. பாக்கெட்டில் நீலமும் மஞ்சளுமான வட்ட முத்திரை இருந்தால் அசல் அந்தெகேரா ரொட்டி.

கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட், புளித்த மாவு. அவ்வளவுதான் சேர்மானம். தண்ணீர் தாராளமாக விட்டு, தளர்வாகப் பிசைந்து, தட்டையாக்கி, கொஞ்ச நேரமே சுடுவார்கள். தோல் சிவப்பதற்குள் அடுப்பிலிருந்து எடுத்துவிடுவதால் ஈரம் உள்ளேயே தங்கிவிடுகிறது. பிறகு ரொட்டி ஆறி, நாள் ஆக ஆக, மாவுச்சத்து இறுகும். நீங்கள் மென்றது அந்த ஈரமும் இறுக்கமும் சேர்ந்த ரொட்டியை. மறுபடி சூடு பட்டால் மாவுச்சத்து இளகி, ரொட்டி பஞ்சாகிவிடும்.

கத்தியைப் படுக்கை வாட்டில் விட்டு இரண்டு வட்டமாகப் பிளந்துகொள்ளுங்கள். டோஸ்டர் இல்லாவிட்டால் தோசைக்கல் போதும். எண்ணெய் வேண்டாம். மிதமான தீயில், வெட்டிய பக்கம் கல்லில் படும்படி வையுங்கள். இரண்டு நிமிடத்தில் ஓரம் பொன்னிறமாகும். நடுவில் அங்கங்கே புள்ளி விழும். அப்போது திருப்பிப் போட்டு, முதுகில் லேசாகச் சூடேறியதும் எடுத்துவிடுங்கள். மொறுமொறுவென்று ஆகும்வரை விட்டால் மொயெத்தேயின் அருமையே போய்விடும். விரலால் அழுத்தினால் மேலே மெல்லிய பொருக்கு உடைய வேண்டும், உள்ளே அமுங்க வேண்டும்.

சூடு ஆறுவதற்குள் ஆலிவ் எண்ணெய் விடுங்கள். இதில் கஞ்சம் கூடாது. ஆறிய ரொட்டியில் எண்ணெய் மேலாகவே வழியும்; சூடான ரொட்டி உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தெகேரா வட்டாரத்தில் ஓஹிபிளாங்கா ரக ஆலிவ்தான் அதிகம். லேசான கசப்பும், தொண்டையில் இறங்கும்போது ஒரு காரமும் இருக்கும். சாதுவான இந்த ரொட்டிக்கு அதைவிடப் பொருத்தம் வேறு இல்லை என்பேன். பூண்டு பிடிக்குமென்றால், எண்ணெய் விடுமுன் ஒரு பல்லை வெட்டிச் சூடான ரொட்டியில் ஒரு தேய்ப்பு தேய்க்கலாம்.

அடுத்து தக்காளி. கட்டலோனியாவில் தக்காளியை வெட்டி ரொட்டியின் மேலேயே தேய்ப்பார்கள். மாலகா இருக்கும் அந்தலூசியா மாநிலத்தில் துருவியோ அரைத்தோ கரண்டியால் பரப்புவதுதான் வழக்கம். துருவிய விழுதைச் சற்று வடிகட்டி நீரை இறுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ரொட்டி ஊறிச் சொதசொதத்துவிடும். மேலே ஒரு சிட்டிகை உப்பு. பக்கத்தில் பால் காப்பி. காலை உணவு அதுதான். எண்ணெயும் சர்க்கரையும் தூவிச் சாப்பிடுவதும் உண்டு. பிப்ரவரி 28 அந்தலூசியா நாளையொட்டிப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் தருகிறார்கள், நீங்களும் பார்க்கலாம்.

வெளியில் சாப்பிடும்போது கவனம். ஆரஞ்சு நிறத்தில் பூசித் தரும் 'மந்தேக்கா கொலோரா' மிளகாய்ப்பொடி சேர்த்த பன்றிக் கொழுப்பு. 'சுர்ராப்பா'வில் இறைச்சித் துணுக்குகளே இருக்கும். 'கோன் அசெய்த்தே இ தொமாத்தே' என்று கேளுங்கள். எண்ணெயும் தக்காளியும் மட்டும் வரும். 'மேதியோ' என்றால் ஒரு பாதி, 'எந்தேரோ' என்றால் முழுசு. வேறு ஊர் மொயெத்தே வாங்கினால், சேர்மானப் பட்டியலில் 'மந்தேக்கா' (பன்றிக் கொழுப்பு) இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில் ரொட்டி இன்னும் சீக்கிரம் இறுகும். ஃபிரீசர்தான் சரி. பிளந்து வைத்தால் எடுத்தவுடன் நேரே கல்லில் போடலாம். காய்ந்துபோனதை 'போர்ரா' செய்யலாம்: பழுத்த தக்காளி, பச்சைக் குடைமிளகாய், பூண்டு, உப்போடு ரொட்டியை ஊறவைத்து, ஆலிவ் எண்ணெய் விட்டுக் கெட்டியாக அரைத்து, குளிரவைத்துச் சாப்பிடுவது. கடைகளில் மேலே பன்றித்தொடை இறைச்சியோ சூரை மீனோ முட்டையோ போடுவார்கள். நீங்கள் வீட்டிலேயே செய்துகொள்வது நல்லது.