பழைய பிஸ்டலில் மாற்றிய சிறு பாகங்கள்: ஏலத்துக்கு முன் கேட்க வேண்டியவை

கேள்வி: நான் துறைமுகத்தில் பிற்றராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். இலண்டனில் இருக்கும் என் தம்பி, பிரித்தானியக் கடற்படையின் பழைய சக்கிமுக்கிக் கல் பிஸ்டல் ஒன்றை ஏலத்தில் எடுக்க விரும்பி, படங்களை அனுப்பி என் அபிப்பிராயம் கேட்கிறார். விவரத்தில் ‘சில சிறு பாகங்கள் மாற்றப்பட்டவை’ என்று மட்டும் உள்ளது. இதனால் மதிப்புக் குறையுமா? வாங்கினால் ஊருக்குக் கொண்டுவரலாமா?
- வாசகர், உவர்மலை, திருகோணமலை

பதில்: அந்த ஒரு வரியை நம்பித் தம்பி விலை கேட்கக் கூடாது. எந்தப் பாகம், எக்காலத்தில் மாற்றப்பட்டது என்ற இரண்டும் தெரிந்தால்தான் மதிப்பைப் பற்றிப் பேச முடியும். கப்பலில் பாவனையில் இருந்த பிஸ்டலில் வில்தகடு முறிவதும், கல்லை இறுக்கும் திருகாணி தொலைவதும், வெடிமருந்தை இடித்திறுக்கும் கோல் உடைவதும் வழக்கம்; அவற்றை அக்காலத்து ஆயுதத் திருத்துநரே மாற்றியிருந்தால், அதையும் பொருளின் வரலாற்றில் ஒரு பகுதியாகவே சேகரிப்போர் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வர். கல் தேய்ந்ததும் மாற்றுவதற்கென்றே உள்ளது. அதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. அண்மையில் செய்த பாகத்தைப் பொருத்தி, பழையது போல நிறமேற்றி, அதைச் சொல்லாமல் விற்பது வேறு விடயம். அது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம்.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அடித்தால் வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கியில் பயன்படுத்தும் முறைக்கு ஸ்கொட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் போர்சைத் 1807 இல் காப்புரிமை பெற்றார். அதிலிருந்து வளர்ந்த கேப்பு முறை (அம்மருந்து அடங்கிய சிறு உலோக மூடியான கேப்பைச் சுத்தியலால் அடித்துச் சுடுவது) பரவியபோது, கல் துப்பாக்கிகள் பலவற்றின் மருந்துக் கிண்ணத்தையும் கல் மோதித் தீப்பொறி எழும் உருக்குத் தகட்டையும் கழற்றிவிட்டு, கேப்பு வைக்கும் முலை போன்ற சிறு குழாயைப் பொருத்தினார்கள். பின்னாளில் கல் துப்பாக்கிக்கே சேகரிப்போர் கூடுதல் விலை தந்ததால், அவற்றுட் சிலவற்றை மீண்டும் பழைய முறைக்கே திருப்பிவிட்டார்கள். அப்படித் திருப்பியதில் சுத்தியல், கிண்ணம், உருக்குத் தகடு, அதன் வில் ஆகிய நான்குமே புதியவையாக இருக்கக்கூடும். அளவில் இவை சிறியவைதான். ஆனால் பிஸ்டலின் விலை இவற்றில்தான் தங்கியிருக்கிறது.

ஆகவே, சுத்தியலும் வில்லும் பொருந்திய விசைத் தகட்டை மரக் கட்டையிலிருந்து கழற்றி, அதன் உட்புறத்தைப் படமெடுத்து அனுப்புமாறு ஏல நிறுவனத்திடம் தம்பி கேட்க வேண்டும். கேப்பு முறைக்கு மாற்றியபோது அடைத்த திருகுத் துளையின் வட்டம் வெளியே மறைந்திருந்தாலும் உள்ளே தெரிவதுண்டு. குழலில் தீ நுழையும் துளையைச் சுற்றி மருந்து அரித்த குழிகள் இருக்க, அதையொட்டிய கிண்ணம் மட்டும் வழுவழுப்பாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். பழைய பாகங்கள் அடித்து உருவாக்கி அரத்தால் ராவப்பட்டவை. மடிப்பு மூலையில் வார்ப்புக் கோடோ நுண்துளையோ தெரிந்தால் அந்தப் பாகம் பெரும்பாலும் பிற்காலத்தது.

திருகாணியைப் பொறுத்தவரை உங்கள் தொழிலே உங்களுக்குத் துணை நிற்கும். ஆங்கிலப் பொறியியலாளர் ஜோசப் விட்வர்த் 1841 இல் ஒரே சீரான மரையளவை முன்வைக்கும் முன், ஒவ்வொரு பட்டறையும் தன் அச்சைக் கொண்டே மரை வெட்டியது. எனவே இக்காலத்து மெட்ரிக் மரை கண்ணில் பட்டால், அந்தத் திருகாணி பின்னாளில் மாற்றியது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. கழற்றிய திருகாணியின் படத்தையும், அருகில் அளவுகோல் வைத்து, கேட்டு வாங்குங்கள். கடற்படைப் பிஸ்டல்களில் இடப்பக்கம் இடுப்பு வாரில் மாட்டும் கொக்கி இருப்பது வழக்கம். அது பழையதா என்பதையும் பாருங்கள், பலவற்றில் அது தொலைந்துவிட்டது.

மாற்றிய பாகங்களின் பெயர்ப் பட்டியலை எழுத்தில் தர மறுத்தால், எல்லாமே மாற்றியவை என்று வைத்து விலை கேட்பதே நியாயம். வாங்கிய பின் இரும்பை மினுக்கக் கூடாது. காலம் ஏற்றிய பழுப்பு நிறம் போனால் பழைய பாகத்தையும் புதியதையும் பிரித்தறிய வழியிருக்காது, மதிப்பும் இறங்கிவிடும்.

ஊருக்குக் கொண்டுவருவது பற்றி: பிரித்தானியாவின் 1968 ஆம் ஆண்டுச் சுடுகலன் சட்டம், அரும்பொருளாகவோ அலங்காரமாகவோ வைத்திருக்கும் பழம் துப்பாக்கிகளுக்கு விலக்களிக்கிறது. அந்த விலக்கு இலங்கையில் செல்லாது. இங்கே 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் தேவை. பழையது, சுடாது என்ற காரணங்களை நம்பிப் பயணப் பொதியில் வைத்துக் கொண்டுவர வேண்டாம். திருகோணமலை மாவட்டச் செயலகத்திலும் பாதுகாப்பு அமைச்சிலும் விசாரித்து, பதிலை எழுத்தில் பெறும்வரை பிஸ்டல் தம்பியின் வீட்டிலேயே இருக்கட்டும்.