புரட்டாசியில் வரும் வெள்ளை நூல்

கேள்வி: புரட்டாசி மழைக்கு அப்புறம் எங்கள் மாந்தோப்பில் மரத்தடிச் சருகைக் கிளறினால் வெள்ளை நூல் போலப் பின்னிக் கிடக்கிறது. சித்திரையில் தேடினால் காணோம். இது வேரழுகலா? மருந்து ஊற்றலாமா?
– வாசகர், பர்கூர்

பதில்: தயவுசெய்து ஊற்றிவிடாதீர்கள். ஒரு கைப்பிடிச் சருகை மூக்கருகே கொண்டு போய்ப் பாருங்கள். காளான் வாசம் அடிக்கும். அது பெரும்பாலும் சருகைத் தின்று மக்கவைக்கும் பூஞ்சைதான். தூரில் பட்டை மெத்தென்று அழுகி, அடியில் வெள்ளைப் படலம் ஒட்டி, மேலே கிளையும் காய்ந்து வந்தால் மட்டும் தோட்டக்கலை அலுவலரிடம் காட்டுங்கள்.

காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் பெங்களூரா மாந்தோப்பில் இதே நூலைப் பார்த்துப் பயந்து, ஒரு மருந்துக்கடையில் சொன்னபடி காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் கரைத்து நாலு மரத்துக்கு ஊற்றினேன். அந்த நாலு மரத்தடியில் மட்டும் அடுத்த ஆடி வரை சருகு மக்காமல் மொறமொறவென்று கிடந்தது. இன்றைக்கும் நினைத்தால் மனசு வலிக்கிறது.

கண்ணுக்கே தெரியாத இன்னொரு பூஞ்சையும் உண்டு. வேர் உட்பூசணம், கடையில் 'வேம்' என்பார்கள். சல்லிவேருக்குள் குடியிருந்து, முடியைவிட மெல்லிய இழைகளை வெளியே நீட்டி, வேர் எட்டாத இடத்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கொண்டுவந்து கொடுக்கும். பதிலுக்கு மரம் சர்க்கரை கொடுக்கும். கோடையில் மண் இறுகிச் சல்லிவேர் காயும்போது, இது வித்துகளாகவும் பழைய வேர்த்துண்டுகளுக்குள்ளும் ஒடுங்கிக்கொள்ளும். அதனால்தான் சித்திரை மண்ணில் வித்து நிறைய இருந்தாலும் வேரில் நடமாட்டம் குறைவு. மழை இறங்கி வெள்ளையாகப் புதுவேர் விட்டதும் வித்து முளைத்து உள்ளே நுழையும்.

ஆகவே மழைக்காலத்தில் ஆழ உழாதீர்கள், இழையெல்லாம் அறுந்துபோகும். மணிச்சத்து உரமான சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிக் கொட்டினாலும் மரம் இந்தப் பூஞ்சையை வேருக்குள் சேர்க்காது. ஊடுபயிராகக் கொள்ளு விதையுங்கள். நம் பையூர் ஆராய்ச்சி நிலையத்தின் பையூர் 2 ரகமே போதும். கொள்ளு வேரிலும் இந்தப் பூஞ்சை குடியிருக்கும். முள்ளங்கி, கடுகு, முட்டைக்கோஸ் வேரில் அது தங்காது.

வேம் வாங்கி வைப்பதானால் கோடையில் வேண்டாம், மழை தொடங்கியதும் வையுங்கள். தூரை ஒட்டிப் போடாதீர்கள். உச்சிவெயிலில் கிளை நிழல் விழும் வட்டத்தின் ஓரத்தில் விரலால் மண்ணைக் கிளறுங்கள், நூல்நூலாகச் சல்லிவேர் தட்டுப்படும். அங்கே.