எடை குறைந்தால் சி.ஆர்.பி. இறங்குமா? டாக்டர் பதில்கள்

கேள்வி: எடை 92 கிலோ. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் புரதமான சி.ஆர்.பி.யை நுட்பமாக அளக்கும் ஹெச்.எஸ். சி.ஆர்.பி. டெஸ்டில், லிட்டருக்கு 4.8 மி.கி. என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. காய்ச்சல், சளி எதுவும் இல்லை. அப்புறம் அழற்சி எங்கே இருக்கிறது டாக்டர்?

பதில்: பெரும்பாலும் கொழுப்புக்குள்தான், அதிலும் வயிற்றுக் கொழுப்பில். கொழுப்பு செல் அளவுக்கு மீறி உப்பினால் சில செல்கள் செத்துப்போகும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், செத்த செல்லைச் சுற்றி மேக்ரோஃபேஜ் என்கிற நோய் எதிர்ப்பு அணுக்கள் கிரீடம் வைத்தாற்போல வளைத்து நிற்பது தெரியும். அந்தக் கொழுப்பிலிருந்து வரும் ஐ.எல்-6 என்கிற அழற்சிப் புரதம் கல்லீரலைத் தூண்ட, கல்லீரல் சி.ஆர்.பி.யைச் சுரக்கிறது. 3க்கு மேல் இருந்தால் இதய நோய் அபாயம் கூடுதல். 10ஐத் தாண்டினால் மட்டும் எடைமேல் பழி போடாதீர்கள், தொற்று இருக்கலாம். இரண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்ப எடுங்கள்.

கேள்வி: எத்தனை கிலோவுக்கு எவ்வளவு இறங்கும் சார்?

பதில்: பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2007ஆம் ஆண்டு அலசலில், ஒரு கிலோ எடை குறைய, சி.ஆர்.பி. சராசரியாக லிட்டருக்கு 0.13 மி.கி. இறங்கியது. 10 கிலோ குறைத்தால் 4.8 என்பது 3.5 ஆகலாம். ஆளுக்கு ஆள் மாறும்.

கேள்வி: லைப்போசக்ஷனில் ஒரே நாளில் கொழுப்பை எடுத்துவிட்டால்?

பதில்: நல்ல கேள்வி. அமெரிக்காவில் 15 பெண்களுக்கு வயிற்றுத் தோலுக்கடியிலிருந்து சுமார் 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்துப் பார்த்தார்கள். 2004இல் முடிவு வந்தது. 10, 12 வாரம் கழித்தும் சி.ஆர்.பி., ஐ.எல்-6, இன்சுலின் வேலை செய்யும் திறன் எதுவும் மாறவில்லை. செல்களின் எண்ணிக்கைதான் குறைந்தது. மீதி செல்கள் உப்பியபடியே இருந்தன. குடலைச் சுற்றிய கொழுப்பையும் கல்லீரல் கொழுப்பையும் ஊசி தொடவே இல்லை. சாப்பாட்டைக் குறைத்து நடந்தால் அந்த இரண்டும் கரையும், செல்களும் சுருங்கும். பணம் கட்டுமுன் இதை யோசியுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு எடை குறைக்கும் பேரியாட்ரிக் ஆபரேஷன் ஆகி மூன்று நாள். சி.ஆர்.பி. எகிறியிருக்கிறதே?

பதில்: அறுவைக் காயமே ஏற்றிவிடும், பிறகு இறங்க வேண்டும். ஆனால் காய்ச்சல், வயிற்று வலி, படபடப்பு இருந்தால் இன்றே சர்ஜனிடம் சொல்லுங்கள்.

கேள்வி: 6 கிலோ குறைத்தேன். சி.ஆர்.பி. அசையவே இல்லை டாக்டர்.

பதில்: மனம் தளராதீர்கள் அம்மா. சிகரெட், ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, ஈறு நோய் எல்லாமே அதை ஏற்றி வைக்கும். இடுப்புச் சுற்றளவை அளந்து பாருங்கள், நம்மூர்ப் பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறதா? வந்தால் முதலில் பல் டாக்டரைப் பாருங்கள்.