பாலிப்புக்காகக் கர்ப்பப்பையையே எடுக்கணுமா?

கேள்வி: எனக்கு வயது 43, உசிலம்பட்டிப் பக்கம் ஊர். சில மாதமாகத் தீட்டு நின்று பத்து நாள்கூட ஆகாமல் மறுபடியும் படுகிறது. ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் 1.8 செ.மீ. பாலிப் என்று வந்திருக்கிறது. கேமரா விட்டு எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். என் நாத்தனாரோ, "ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, இனி அது எதுக்கு, மொத்தமா எடுத்துப் போட்டுட்டு நிம்மதியா இரு" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: டாக்டர் பேச்சைக் கேளுங்கள். கர்ப்பப்பையின் உள்சவ்வு ஓரிடத்தில் மட்டும் கூடுதலாக வளர்ந்து காம்பு விட்டு நிற்பதுதான் பாலிப். தசையில் வருகிற நார்க்கட்டி வேறு, இது வேறு. பெரும்பாலான பாலிப்புகள் புற்றுநோய் இல்லை. அதற்காக முழுக் கர்ப்பப்பையையும் எடுப்பது பெரிய அறுவை சிகிச்சை, ஆறுவதற்கே பல வாரம் ஆகும். நம் பக்கம் இந்த "எடுத்துப் போட்டுடு" பேச்சு ரொம்ப சகஜம். தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்கிற வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே உத்தரவு போட வேண்டி வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குச் சொல்லியிருப்பது ஹிஸ்டெரோஸ்கோபி. வயிற்றில் வெட்டு, தையல் எதுவும் கிடையாது. பிறப்புறுப்பு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டு, சலைன் செலுத்திக் கர்ப்பப்பையை விரித்து, திரையில் பார்த்துக்கொண்டே பாலிப்பை அடியோடு எடுப்பார்கள். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், மயக்கமும் அவ்வளவு நேரத்துக்குத்தான், பலர் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். தீட்டு நின்ற கையோடு தேதி குறிப்பார்கள், அப்போதுதான் உள்சவ்வு மெலிந்து பாலிப் தெளிவாகத் தெரியும். சில இடங்களில் "டி அண்ட் சி பண்ணிச் சுத்தம் செஞ்சிடலாம்" என்பார்கள். கேமரா இல்லாமல் சுரண்டும்போது பாலிப் தப்பிவிடலாம், பாதி உள்ளேயே நிற்கலாம். அதனால் "கேமராவில் பார்த்துத்தானே எடுப்பீங்க?" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

இத்தனை நாள் ரத்தம் போயிருப்பதால் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா, ரத்தம் உறையாமலிருக்கப் போடுகிற மாத்திரை, நாள் தள்ளியிருக்கிற சந்தேகம் என்று எதையும் மறைக்காதீர்கள். அப்புறம், வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் "ஒரு வாய் காபிதானே" என்று குடித்துவிட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பால் சேர்ந்தால் அது சாப்பாட்டுக் கணக்குதான், ஆபரேஷனே தள்ளிப்போகும்.

கர்ப்பப்பையில் துளை விழுவது, கிருமித் தொற்று போன்றவை அரிதாக நடக்கலாம், கையெழுத்துப் போடுமுன் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எடுத்த சதை பயாப்ஸிக்குப் போக வேண்டும். பலர் வலி போனதும் அந்த ரிப்போர்ட்டை வாங்கவே வருவதில்லை! அதை வாங்கி டாக்டரிடம் காட்டினால்தான் வைத்தியம் முடிந்தது என்று அர்த்தம். செலவுக்குத் தயங்கினால் மதுரை பெரியாஸ்பத்திரியில் மகப்பேறு, மகளிர் நோய்ப் பிரிவில் போய்க் காட்டுங்கள். தனியார் என்றால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இந்தச் சிகிச்சைக்குச் செல்லுமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேலூரில் இருக்கும் என் அம்மாவுக்கு வயது 61. தீட்டு நின்று பல வருடம் ஆகிறது. போன வாரம் லேசாகப் பட்டது. ஸ்கேனில் சின்ன பாலிப். "அழகர் ஆத்துல இறங்கி முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்.

பதில்: வேண்டாம், இந்த வாரமே கூட்டிப்போங்கள். சின்ன வயதில், தொந்தரவு எதுவும் தராத 1 செ.மீ.க்குக் குறைவான பாலிப் என்றால் சில சமயம் காத்திருந்து பார்ப்போம், அது தானாகவே மறைவதும் உண்டு. தீட்டு நின்றபின் ஒரு சொட்டுப் பட்டாலும் கணக்கு வேறு. இந்த வயதில் புற்றுநோய்க்கான வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும். மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் சாப்பிட்டவர் என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கேள்வி: வலையங்குளத்தில் பூ எடுக்கிற வேலை பார்க்கிறேன். பாலிப் எடுத்து இரண்டு நாள் ஆகிறது. எப்போது தோட்டத்துக்குப் போகலாம்? திரும்ப வருமா?

பதில்: அடிவயிறு வலிப்பது நின்று, தெம்பாக இருந்தால் இரண்டொரு நாளில் போகலாம். லேசான ரத்தக்கசிவு ஒன்றிரண்டு வாரம் இருக்கலாம். அதுவரை தாம்பத்தியம் வேண்டாம், கண்மாயில் முங்கிக் குளிப்பதும் வேண்டாம், வீட்டில் தாராளமாகத் தலைக்கு ஊற்றிக்கொள்ளலாம். காய்ச்சல், கெட்ட வாடையோடு வெள்ளைப்படுதல், தாங்க முடியாத வலி, மணிக்கொரு நாப்கின் நனைகிற அளவு ரத்தப்போக்கு, இவற்றில் எது வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பாலிப் சிலருக்குத் திரும்ப வருவதுண்டு, இடையில் மறுபடி பட ஆரம்பித்தால் ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம்.