கூக்கல் குடிலுக்கு நீரற்ற கழிப்பறை: எது பொருந்தும்?

வணக்கம். கூக்கல் மலைக்கிராமத்தில் கோடையில் தண்ணீர் கிடைக்காத குடில், சரிவுக்குக் கீழே ஊர் குடிக்கும் ஊற்று, மின்சாரமும் நம்பும்படி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஊற்று ஒன்றே போதுமான காரணம், குழி தோண்டும் யோசனையைக் கைவிடுங்கள். மலம் எரிக்கும் மின் கழிப்பறையும் உங்களுக்கு உதவாது.

என் பரிந்துரை, சிறுநீரைத் தனியே பிரிக்கும் இரட்டை அறைக் கழிப்பறை. திருச்சி மாவட்டம் முசிறியில் இவ்வகை பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. தரைக்கு மேலே, அடியில் சிமென்ட் பூசிய இரண்டு அறைகள். ஒன்று நிறைந்ததும் மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்த வேண்டும்.

வெளிநாட்டுத் தயாரிப்புகள் பெரும்பாலும் காகிதம் பயன்படுத்துவோரை மனத்தில் வைத்தவை. நாம் கழுவுகிறவர்கள். கழுவும் நீர் அறைக்குள் விழுந்தால் நாற்றமும் புழுவும் நிச்சயம். எனவே கழுவுவதற்குத் தனிப் பள்ளமும் தனிக் குழாயும் உள்ள பீங்கானையே கேட்டு வாங்குங்கள். அந்த நீரை ஊற்றுக்கு எதிர்ப்பக்கம், வாழைப் பாத்திக்கு விடலாம். சிறுநீரையும் நீர் கலந்து அங்கேயே ஊற்றலாம்.

ஒவ்வொரு முறையும் ஒரு கை அடுப்புச் சாம்பல் போடுங்கள், மரத்தூளும் சேரலாம். குளிரில் கிருமிகள் மெதுவாகவே சாகும். 20 டிகிரிக்குக் கீழான இடங்களில் நிறைந்த அறையை ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் மூடிவைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சமவெளிக் கொத்தனார் ஆறு மாதம் போதும் என்பார், தயவுசெய்து கேட்காதீர்கள். அறைகளை அதற்கேற்பப் பெரிதாகக் கட்டுங்கள். கதவு உறுதியாக இருக்கட்டும், காட்டுப்பன்றி வரும்.

குடிலில் எத்தனை பேர் தங்குவார்கள்? சொன்னால் அறையின் அளவைக் கணக்கிட்டுத் தருகிறேன்.