மாற்றுச் சிறுநீரகம் நீடித்து உழைக்க

கேள்வி: என் கணவருக்கு அவருடைய அக்கா கொடுத்த சிறுநீரகம் பொருத்தி ஓராண்டு ஆகிறது. நலமாக இருக்கிறார். இனி எதில் கவனம் தேவை? – வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: உயிரோடிருப்பவர் தந்த சிறுநீரகம் பொதுவாகக் கூடுதல் காலம் உழைக்கும், நல்ல தொடக்கம். இனி மருந்து நேரம்தான் முக்கியம். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை இருவேளை என்றால் 12 மணி நேர இடைவெளி. ரத்தப் பரிசோதனையன்று காலை மாத்திரையைக் கையோடு கொண்டுபோய், ரத்தம் கொடுத்த பிறகே போடச் சொல்லுங்கள். முன்பே போட்டால் ரத்தத்தில் மருந்தின் அளவு அதிகமாகக் காட்டும். டோஸைத் தவறாகக் குறைத்துவிட நேரும். சீனப் புத்தாண்டுக்கு வரும் பம்ப்ளிமாஸ் வேண்டவே வேண்டாம்: ரத்தத்தில் மருந்து ஏறி, சிறுநீரகத்தையே கெடுக்கலாம். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கிலும் அதே ஆபத்து; பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) டாக்ரோலிமஸ் சாப்பிடும் விவரத்தை முதலிலேயே சொல்லுங்கள். காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.